ஒரு டன் குளிர்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். அங்கே தாங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயம்.

தாங்கள் அனுப்பிய ஏ.சி. வந்து சேர்ந்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் 'ஒரு டன்' என்று போட்டிருக்கிறது. ஆயுள் முழுக்க லாரி எடைமேடையில் உட்கார்ந்திருந்த என்னிடமேவா? டன் என்றால் ஆயிரம் கிலோ. இதைத் தூக்கி வந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் போன் பேசிக்கொண்டே வந்தார். நான் விடுவேனா? உடம்பு எடை பார்க்கும் மெஷினில், உள்ளே மாட்டுவது ஒன்று, வெளியே வைப்பது ஒன்று என்று வந்த இரண்டு பெட்டிகளையும் ஏற்றினேன். இரண்டும் சேர்ந்து என் எடைக்கே வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று நேரே கடைக்குப் போய், மீதி எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்காமல் என்னை உட்காரவைத்து, இது எடை இல்லை ஐயா, ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்க எவ்வளவு சூடு வேண்டுமோ அவ்வளவு சூட்டை அறையிலிருந்து வெளியே தள்ளும், அந்தக் கணக்கில் வந்த டன் என்றார். சரி, அந்தப் பனிக்கட்டியாவது ஆயிரம் கிலோவா என்றால் அதுவும் இல்லையாம், தொள்ளாயிரத்துச் சொச்சமாம். அந்தக் கணக்கு பிறந்த நாட்டில் டன்னே இளைத்த டன்னாம். இன்னொரு நாட்டில் ஆயிரத்தைத் தாண்டிக் கொழுத்த டன்னும் உண்டாம். கப்பல்காரர்களோ இடத்தையே டன்னில் அளக்கிறார்களாம். நான்தான் சர்வீஸ் முழுக்க ஒரே டன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். ஒரு மனுஷனோட இவ்வளவு நேரம் பேசி ரொம்ப நாளாச்சு, அதனால மறுநாளும் போய்ச் சண்டை போட்டேன்.

அப்புறம் மெக்கானிக் மாட்ட வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை பேர் படுப்பீங்க?" என்று கேட்டார். ஆள் கூடினால் சூடும் கூடுமாம். நாலு பேர் என்று வாயில் வந்துவிட்டது.

"நாலு பேருக்கு ஒன்றரை டன் வேணுமே சார். இது ஒரு ஆளுக்குன்னு பார்த்து வாங்கினதாச்சே."

எனக்குச் சுருக்கென்றது. போன லீவுக்கு, இந்த வீட்டு வெக்கை பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னு நீங்க யாரும் வரல. சரி, ஏ.சி. வருதே, இனி வருவாங்கன்னு மெத்தையெல்லாம் எடுத்து வெயில்ல காயப் போட்டேன். நீங்க என்னடான்னா, கிழவன் ஒத்தையிலதான் கிடப்பான்னு கடையிலேயே முடிவு பண்ணிட்டீங்க. என் மகளும் கூட நின்னு தலையாட்டியிருப்பா, அதுதான் வலிக்குது மாப்பிள்ளை. மாட்ட வேண்டாம்னு மெக்கானிக்கை அனுப்பிட்டேன். பெட்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. ஒன்றரை டன் வந்தா வரட்டும், இல்லாட்டி எனக்கு ஜன்னல் இருக்கு.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். தங்களுக்கும் உண்டு, கோபம் தணிந்த பிறகு.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: மெக்கானிக்கை நானே திரும்பக் கூப்பிட்டு மாட்டியாச்சு. பெட்டியைத் திருப்ப வேண்டாம். ரெண்டு பெரியவங்க, ஒரு சின்னப் பிள்ளைன்னா ஒரு டன் தாங்கிடுமாம், கேட்டுட்டேன். நீங்க மூணு பேரும் உள்ள படுங்க, நான் ஹால்ல ஃபேன் போட்டுக்கறேன். கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வைங்க, பிள்ளை தூக்கத்துல பேசறது எனக்குக் கேட்கணும். குளிரு வெளிய போனா போகட்டும்.