வேண்டாங்கக்காவின் மாட்டு டாக்டர்

கடைக்காரர் என்றால் கேட்ட பொருளை எடுத்துக் கொடுப்பவர் என்று உலகம் முழுவதும் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த நம்பிக்கையைக் கொஞ்சமும் மதிக்காத ஒரே ஒரு வியாபாரியைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். அவர் கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தையில் பழம் விற்றார். கேட்ட பழத்தோடு அவர் கடையிலிருந்து திரும்பிய மனிதர் எவரும் அந்த மலையில் கிடையாது. எல்லோரும் வேறு ஏதோ ஒரு பழத்தோடுதான் திரும்பினார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. 'அது உங்களுக்கு வேண்டாங்க' என்று சொல்லித்தான் எந்த வியாபாரத்தையும் தொடங்குவார். அதனால் சந்தையில் எல்லோருக்கும் அவர் வேண்டாங்கக்கா.

தொண்ணூறுகளின் கடைசியில் செம்மேட்டு டெலிபோன் ஆபீசில் எனக்கு வேலை. கம்பம் ஏறுவது, அறுந்த கம்பியை ஒட்டுவது, 'டயல் டோன் வரலீங்க' என்பவர்களுக்குச் சமாதானம் சொல்வது. மலைக்குப் போன முதல் கோடையில் ஒரு சந்தை நாளன்று சோளக்காட்டுக்குப் போனேன். மலையில் ஊர்க்கூட்டங்களை நாடு என்பார்கள்; குண்டூர் நாட்டிலிருந்தும் திருப்புலி நாட்டிலிருந்தும் விடியும்போதே பறித்துக்கொண்டு வந்த பழங்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தன. அந்த வாசனையே பாதி வயிறை நிரப்பியது. ஒரு சாக்குப் படுதாவின் நிழலில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் போய், "ஒரு அன்னாசி குடுங்க" என்றேன்.

அவர் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். "அன்னாசி உங்களுக்கு வேண்டாங்க. வாழைப்பழம் கொண்டுட்டுப் போங்க."

"இல்லீங்க, எனக்கு அன்னாசிதான் வேணும்."

"வேணும்னுதான் கேப்பீங்க. கேக்கறதையெல்லாம் எடுத்துக் குடுக்கறதுக்கு நான் எதுக்குங்க இங்க உக்காந்திருக்கறேன்?"

வாழைப்பழச் சீப்போடு செம்மேட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இதற்குப் பதில் தேடினேன். இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் ஆளைப் பார்த்துப் பழம் கொடுப்பதில் கெட்டிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இருந்திருந்தால் எங்களுக்குக் குழப்பமே இருந்திருக்காது. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாம்பழம் கேட்டபோது அன்னாசியைக் கட்டிக் கொடுத்தார். அதைத் தின்ற ஹெட்மாஸ்டருக்கு நாக்கெல்லாம் புண். மறுவாரம் கடைக்கு வந்து நாக்கை நீட்டிக் காண்பித்தார். வேண்டாங்கக்கா நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "நாக்கு நல்லாத்தானுங்க இருக்குது. கொய்யா கொண்டுட்டுப் போங்க" என்றார். ஹெட்மாஸ்டர் கொய்யாவோடு போனார்.

சேலத்திலிருந்து ஒரு குடும்பம் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் அர்ச்சனைக்கு வாழைப்பழம் கேட்டது. "சாமிக்கு வாழைப்பழம் தின்னுத் தின்னுச் சலிச்சிருக்குமுங்க" என்று சொல்லி முழுப் பலாப்பழம் ஒன்றைக் காரில் ஏற்றிவிட்டார். கோயிலில் என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்தக் குடும்பம் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. பலாப்பழத்தைக் காணோம்.

சேந்தமங்கலத்திலிருந்து மினி லாரியில் வந்து மொத்தமாகப் பழம் எடுக்கும் பாய் ஒருவர் உண்டு. வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரே ஒருநாள் லாரியைக் காட்டி என்னிடம் புலம்பினார். "அன்னாசிக்குத்தான் வந்தேன் தம்பி. பாருங்க, பூரா பலா. ஏங்கன்னு கேட்டா, கீழ இந்த வாரம் கல்யாணம் அதிகமுங்கறாங்க. யாரு ஊட்டுக் கல்யாணமுங்கன்னு கேட்டா, அது உங்களுக்கு வேண்டாங்கறாங்க."

"நீங்க எதுக்கு ஒத்துக்கறீங்க பாய்?"

பாய் லாரியை இன்னொரு முறை பார்த்தார். "அதுதான் எனக்கும் புரியல தம்பி" என்றார்.

பக்கத்திலேயே பத்துக் கடைகள் இருந்தன. கேட்டதைக் கொடுக்கும் கடைகள். அவற்றையெல்லாம் தாண்டி நாங்கள் அந்தப் படுதா நிழலுக்கே போனோம். இன்றைக்கு என்ன கொடுத்து அனுப்பப் போகிறார் என்று பார்க்கும் ஆசைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. நான் யார் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார்.

ஒருநாள் என் தோள்பை வாய் திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர், "இடுக்கி எதுக்குங்க? காளைக்குக் காயடிக்கறதுக்குங்களா?" என்றார்.

"கம்பிக்குங்க."

"அதானே பாத்தேன். மாட்டு டாக்டரு புதுசா வந்திருக்கறாருன்னு சொன்னாங்க. நீங்கதானா சாமி?"

மாட்டு டாக்டர் ஒருவர் புதிதாக வந்திருந்தது உண்மை. அவரும் என்னைப் போலவே கண்ணாடி போட்டவர், ஒல்லி. அதற்கு மேல் எங்களுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை. மாடு முறைத்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிற ஆள் நான்.

"அக்கா, நான் டெலிபோன் ஆபீசுங்க."

"இருக்கட்டுங்க சாமி. டாக்டருக்கும் போன் வேணுமில்லீங்களா?"

இந்த மனுஷியிடம் மேலே என்ன பேசுவது? அன்றிலிருந்து நான் டாக்டர் சாமி. சந்தையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் செவலைப் பசுவின் உடல்நிலையை விளக்கமாகச் சொல்வார். நான் தலையாட்டுவேன். செவலை சினையாக இருந்தது. ஒரே மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை அந்தப் பசு மட்டும்தான் என்பது அவர் பேச்சிலிருந்தே தெரிந்தது.

அடுத்த கோடையில், நல்ல சந்தை நேரத்தில், சோளக்காட்டு ரோட்டோரம் ஒரு கம்பத்தின் உச்சியில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே வேண்டாங்கக்கா ஓடி வந்தார். கடையை விட்டு எழுந்து அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் நின்றால் இவ்வளவு குள்ளம் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"டாக்டர் சாமி, செவலைக்குக் காலையிலருந்து நோவு. கன்னு வரமாட்டேங்குதுங்க. எறங்கி வாங்க."

"அக்கா, நான் டாக்டரில்லீங்க."

"எறங்கி வாங்க சாமி."

இறங்கினேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. லாரி ஏற்றிக்கொண்டிருந்த பாயும் கூட வந்தார். கொட்டகையில் செவலை படுத்துக் கிடந்தது. வாலுக்குக் கீழே கன்றின் ஒரே ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. இன்னொரு காலைக் காணோம். ஒவ்வொரு முறை முக்கும்போதும் பசுவின் கண் மேலே சொருகியது.

நிஜ டாக்டர் அன்று லீவில் நாமக்கல்லில் அவர் வீட்டில் இருந்தார். அவர் வீட்டு நம்பர் எனக்குத் தெரியும். கொட்டகையை ஒட்டி ஒரு கம்பம் நின்றது. சந்தையில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு அதன் வழியாகத்தான் லைன் போகிறது. என் பையில் டெஸ்ட் போன் இருந்தது. அதைக் கம்பியில் கவ்வவிட்டால் எந்த லைனிலும் பேசலாம். ஏறிக் கவ்வவிட்டேன். வயர் குட்டை என்பதால் உச்சியிலேயே தொங்கிக்கொண்டு பேச வேண்டியிருந்தது.

"சார், செம்மேடு டெலிபோன் ஆபீஸ் பேசறேன். இங்க ஒரு மாடு..."

"மாடு போன் கேக்குதா?" என்றார் டாக்டர், தூக்கக் கலக்கத்தில்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும் என்றார். "யாராச்சும் சின்னக் கையா இருக்கறவங்க, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் தடவிக்கச் சொல்லுங்க."

அந்தச் சமயத்தில்தான் அதே லைனில் பூத்தில் யாரோ போனை எடுத்து நம்பரை அழுத்திவிட்டார்கள். "ஹலோ, மாமாங்களா? நான் மாப்பிள்ளை பேசறனுங்க."

"மாமா இல்லீங்க, போனை வைங்க" என்றேன்.

"கோவமா இருக்கறீங்களா மாமா?"

"எண்ணெய் நல்லாத் தடவிக்கணும்" என்றார் டாக்டர்.

"எதுக்குங்க மாமா?" என்றது பூத்துக் குரல்.

நான் மேலே இருந்து கத்த, கொட்டகை வாசலில் நின்ற பாய் அதை உள்ளே சொன்னார். பலாப்பழப் பிசினுக்காகக் கடையில் வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் வந்தது. சின்னக் கை வேண்டாங்கக்காவுடையதுதான்.

"கன்னை மெதுவா உள்ள தள்ளணும்" என்றார் டாக்டர்.

"உள்ள தள்ளணுமாம்" என்று கத்தினேன்.

பாய் அண்ணாந்து பார்த்தார். "உள்ளயா? வெளிய தானே தம்பி வரணும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான். மாப்பிள்ளை பூத்திலிருந்து, "ஆமாங்க மாமா, வெளியதான் வரணும்" என்றார்.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து வேண்டாங்கக்காவின் குரல் வந்தது. வழக்கமான குரல் இல்லை. "சொல்லுங்க சாமி. நீங்க என்ன சொன்னாலும் பண்றேனுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் இருவருமே கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அதன்பின் யாரும் கேள்வி கேட்கவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே கத்தினேன். பசு முக்கும்போது நிறுத்து. அது மூச்சு வாங்கும்போது தள்ளு. குளம்பு கைக்குத் தட்டுப்பட்டால் உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெல்ல முன்னால் கொண்டுவா. பாய் வார்த்தை பிசகாமல் உள்ளே சொன்னார். "வந்துருச்சுங்க, ரெண்டு காலும் வந்துருச்சுங்க" என்று கேட்டபோது எனக்குக் கம்பத்தைப் பிடித்திருந்த கை மரத்துப் போயிருந்தது.

பாயும் உள்ளே போய்ப் பிடித்து இழுத்தார். கன்று விழுந்தது. அசையவில்லை. மூக்கைத் துடைத்து வைக்கோலால் தேய்க்கச் சொன்னார் டாக்டர். தேய்த்தார்கள். கொட்டகைக் கூரைச் சந்து வழியாக எனக்கு வேண்டாங்கக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு சின்னதாக ஒரு தும்மல் கேட்டது.

"பொழச்சுக்கிச்சு தம்பி" என்றார் பாய்.

"பொழச்சுக்கிச்சு சார்" என்றேன் நான்.

"பையனுங்களா, பொண்ணுங்களா மாமா?" என்றது பூத்துக் குரல்.

"பொண்ணுதாங்க, கிடாரிக் கன்னு" என்றேன். அவர் சந்தோஷமாகப் போனை வைத்தார். யார் வீட்டு மாப்பிள்ளையோ, அவர் மாமனாரிடம் பிறகு என்ன பேசினாரோ தெரியாது.

கீழே இறங்கியதும் எல்லாவற்றையும் விளக்கினேன். நாமக்கல்லில் இருக்கும் டாக்டர்தான் சொன்னார், நான் வெறும் டெலிபோன்காரன் என்றேன். வேண்டாங்கக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "கம்பத்து மேல நின்னுக்கிட்டே வைத்தியம் பாத்தீங்களே சாமி. எந்த டாக்டருக்குங்க வரும்?"

அதோடு மலை முழுக்கப் பேச்சு பரவியது. ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒருவர் நொண்டி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு டெலிபோன் ஆபீசுக்கே வந்துவிட்டார். "மேல ஏறிப் பாருங்க சார்" என்று அவரே கம்பத்தைக் காட்டினார்.

லீவு முடிந்து வந்த நிஜ டாக்டர் நேராகச் சந்தைக்குப் போய்ப் பலாச்சுளை கேட்டிருக்கிறார். வேண்டாங்கக்கா அவர் கையில் நாரத்தங்காயைக் கொடுத்து, பூத்து போனில் இரைச்சல் வருகிறது, என்னைக்குச் சரி பண்ணுவீங்க என்று கேட்டிருக்கிறார். டாக்டர் நாரத்தங்காயோடு என் ஆபீசுக்கு வந்தார்.

"என்னங்க இது? நான் யாருங்க இங்க?"

"டெலிபோனுங்க சார்."

"அப்ப நீங்க?"

"நான்தான் நீங்க."

அவர் மறுத்துப் பார்த்தார். அவராலும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் அவரிடம் வரும் லைன் புகாரை அவர் என்னிடம் சொன்னார். என்னிடம் வரும் மாட்டு நோயை நான் அவரிடம் சொன்னேன். இரண்டு ஆபீஸ்களும் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்த காலம் அந்த மலையில் வேறு இருந்திருக்காது.

எனக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் பஸ் சோளக்காட்டில் நின்று புறப்படப்போகும் நேரத்தில் வேண்டாங்கக்கா படியேறி வந்தார். நேராகக் கண்டக்டரிடம் போய், "டாக்டருங்க, கீழ போறாரு. வளைவுல மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "போற எடத்துல நேரத்துக்குச் சாப்பிடுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு, கடை தனியாகக் கிடக்கிறதென்று இறங்கிப் போய்விட்டார்.

பஸ் முதல் வளைவில் திரும்பியதும் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, எங்க ஊட்டு எருமை சரியாவே தீனி எடுக்க மாட்டேங்குதுங்க. நீங்க மாட்டு டாக்டருங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஜன்னல் வழியாகச் சந்தைப் பக்கம் பார்த்தேன். மிளகுக்கொடி ஏறிய மரங்கள் மறைத்துக்கொண்டன.

"ஆமாங்க" என்றேன். எருமையின் கதையை முழுவதும் கேட்டுவிட்டு நிஜ டாக்டரின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். மலை இறங்கி முடிகிறவரையிலாவது வேண்டாங்கக்கா சொன்ன ஆளாக இருந்துவிட்டுப் போகலாம் என்றிருந்தது.