கட்டும்பாவில் பத்து நாள் மௌனம்

டூங்கபி, சிட்னி
05.05.1976

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணாவுக்கு,

தம்பி சிறிதரன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை. மச்சாளையும் பிள்ளைகளையும் முருகன் காக்கட்டும்.

"புத்தரைக் கும்பிட அவுஸ்திரேலியாவுக்குப் போவானேன், அநுராதபுரத்துக்குப் பஸ் ஓடுதே" என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணா, நான் சமயம் மாறவில்லை. திருநீறு பூசிக்கொண்டுதான் புத்தருக்கு முன்னால் இருந்தனான். எல்லாம் என்னோடு வேலை செய்யும் கெவினால் வந்த வினை. இலங்கையில் பிறந்தவன் எல்லாம் தியானத்தில் பழுத்தவன் என்பது அவன் எண்ணம். ஈஸ்டர் லீவில் அறைக்குள் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட, இருபது பேரோடு சேர்ந்து பார்க்கலாமே என்று, அவன் பொறுப்பாய் நிற்கும் தியான முகாமுக்குக் கட்டும்பா மலைக்குப் போனேன். பத்து நாள் பேசக்கூடாது, கடிதம் எழுதக்கூடாது. விடிய நாலு மணிக்கு மணி அடிப்பார்கள், சாப்பிட உப்பில்லாத பருப்பு. வெள்ளைக்காரர் சம்மணம் கட்டப் பட்ட பாடு இருக்கிறதே! ஒருவருக்கு முழங்கால் இரண்டும் பிடித்துக்கொள்ள, மடக்குக் கதிரையைத் தூக்குவதுபோல் மடித்தபடியே தூக்கிப்போய் வெளியே வைத்தார்கள், அப்போதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பாயில் இருந்து சோறு தின்றவன், எனக்கென்ன? மூன்றாம் நாளுக்குப் பிறகு என் இமைகூட ஆடவில்லையாம். கடைசி நாள் ஒரு கிழவி என் காலைத் தொட்டு, "ஹவ் டு யூ டூ இட்?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

"அம்மாவுக்கு வருத்தம் கடுமை, உடனே வா" என்று நீங்கள் அடித்த தந்தியை, எனக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி ரெயிலேறி வந்து மலையில் கொடுத்திருக்கிறாள். கெவின் பாவி, மௌனம் கெட்டுவிடுமென்று மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பத்தாம் நாள்தான் தந்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தந்தி அடித்து ஐந்து நாள் அம்மா வாசல் படலையைப் பார்த்தபடி கிடந்தா என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பிள்ளை நான் வைக்க வேண்டிய கொள்ளியை நீங்கள் வைத்தீர்கள். என்னில் கோவிக்காதேங்கோ அண்ணா. பேசுவதென்றால் கெவினைப் பேசுங்கோ, அவனுக்குத் தமிழ் விளங்காது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காவது நான் வரட்டோ? வா என்று ஒரு தந்தி அடியுங்கோ, போதும்.

மச்சாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உங்கள் தம்பி,
சிறிதரன்

பி.கு.: மேலே எழுதினதைக் கிழிக்க நினைத்தேன், கையில் ஒரு ஏரோகிராம்தான் இருக்குது. கெவினைப் பேசாதேங்கோ. அவன் மூன்றாம் நாளே ஓடிவந்து, மௌனத்தை முறித்து, "ஓபின் இட், மேட்" என்று கையில் தந்தவன். பிறந்தநாள் வாழ்த்து என்று சைகை காட்டிப்போட்டு, அதைத் தியான மெத்தைக்குக் கீழே வைத்து மேலே இருந்தனான். ஊரிலிருந்து தந்தி வந்தால் செத்தவீடுதான் என்று நினைச்சிட்டன். திறக்காதவரைக்கும் அம்மா இருப்பா என்று ஏழு நாள் அசையாமல் இருந்தனான். அதில் ஐந்து நாள் அவ உண்மையாகவே இருந்தா, அண்ணா. நீங்கள் தந்தி அடிச்சால் இந்த முறை வாசலிலேயே திறப்பன்.