நாற்காலிதான் பதிகிறது

சிரஞ்சீவி மருமகன் கவுன்சிலர் கிரிதருக்கு, கல்கத்தாக் காளிகாட்டிலிருந்து மாமன் வேதாச்சலம் சொல்லச் சொல்ல உன் மாமி கமலம் எழுதுவது. இங்கே எனக்கு முழங்கால் வலி, அவளுக்கு என்னால் தலைவலி. மற்றபடி காளி புண்ணியத்தில் சுகம். நீயும் சங்கவியும் பிள்ளைகளும் அதைவிடச் சுகமாயிருக்க வேண்டும்.

உன் கடிதத்தைக் கமலம் படித்துக் காட்டினாள். உன் வார்டில் கடலோரக் குப்பத்து ஜனங்கள், அலை வாசற்படிக்கே வந்துவிட்டது, உள்ளே தள்ளி மனை கொடுங்கள் என்று மனுப் போட்டிருக்கிறார்கள். புகையால் பூமி சூடாகிறது, பனி உருகிக் கடல் ஏறுகிறது என்பதெல்லாம் விஞ்ஞானிகள் கட்டிவிட்ட கதை என்று நீ கூட்டத்தில் பேசப் போகிறாய். ஐம்பது வருஷமாய்க் கல்கத்தாவில் இட்லிக் கடை வைத்திருக்கும் என் மாமனுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஞாபகம் கல்வெட்டு, அவரே ஒன்றும் மாறவில்லை என்கிறார் பாருங்கள் என்று அங்கே நீ காட்டுவதற்கு இந்த மாமனின் கைநாட்டு வேண்டும். இவ்வளவுதானே. வைத்துவிட்டால் போகிறது என்றேன். கமலம் மைப் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். வைப்பதற்கு முன், உன்னைப் போலவே பேசிய ஒரு பெரிய மனுஷரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வாய் மூடுவதில்லை.

பிள்ளையார் சிலைகள் ஊரூராய்ப் பால் குடித்ததே, அந்த வருஷம். தீபாவளிக்கு மறுநாள் முழுச் சூரிய கிரகணம். டயமண்ட் ஹார்பரில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. காக்கையெல்லாம் கூட்டுக்குத் திரும்பிற்று. கரை கொள்ளாத ஜனம் ஒரே தொண்டையாய் ஓவென்றது. அந்தக் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றவர் மாணிக்கம் ஐயா. நம் பக்கத்துக்காரர், தில்லியில் ஏதோ கமிட்டித் தலைவர். சுந்தரவனத்தில் கடல் தின்றுகொண்டிருந்த ஒரு தீவைப் பார்த்து, அங்கே மிச்சமிருக்கும் ஜனங்களுக்கு வேறு இடத்தில் நிலம் கொடுக்கலாமா என்று சொல்ல வந்திருந்தார். அவருக்கு வங்காளமும் வராது, கடுகெண்ணெயும் ஒத்துக்கொள்ளாது. ஆகையால் பேச்சை மாற்றிச் சொல்லவும் சாம்பார் வைக்கவும் சேர்த்து என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் லாஞ்சுப் படகில் புறப்பட்டோம். பாதுரி என்று ஒரு புரொபசர் கூட வந்தார், வழி காட்ட அந்தத் தீவுக்காரி ஒருத்தியும் வந்தாள். நடு ஆற்றில் அவள் தண்ணீரைக் கைநீட்டிக் காட்டினாள்: இது பள்ளிக்கூடம், அது என் மாமியார் வீடு, இப்போது நாம் போவது சந்தைக்கு மேலே. எட்டிப் பார்த்தேன். பழுப்புத் தண்ணீர் மட்டும் சுழித்துக்கொண்டு போயிற்று. கிரகணத்துக்குக்கூட எனக்கு அப்படி மயிர் கூச்செறியவில்லை கிரிதர். ஒரு ஊர்ச் சந்தையின் தலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டு போகிறோம், அடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஐயா அந்தப் பக்கம் திரும்பி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

தீவில் மண் கரைமேல் ஐயாவுக்கு நாற்காலி போட்டார்கள். இங்கிலீஷில் பேசினால் வெளிநாட்டான் சரக்கு என்று அவர் காதைப் பொத்திக்கொள்வதால் புரொபசர் வங்காளத்தில் ஆரம்பித்தார். மூச்சுக்கு மூச்சு ஜலபாயு, ஜலபாயு. ஜலபாயு மாறிவிட்டது, அதுதான் இத்தனைக்கும் காரணம் என்கிறார். வாயுவைத்தான் இந்த ஊரில் பாயு என்பார்கள். எனக்கென்ன தெரியும், ஐயா, இங்கே தண்ணீர் சரியில்லை, ஊருக்கே வாயுத் தொந்தரவாம் என்று சொன்னேன். இதற்கா தில்லியிலிருந்து கூப்பிட்டார்கள், பெருங்காயம் கரைத்துக் குடிக்கச் சொல் என்றார். சொன்னேன். புரொபசர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். தீவுக்காரி சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே போய்விட்டாள். "பேட்டு நொய், தாதா," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, "ஆகாஷ்" என்று மேலே காட்டினாள். வயிறில்லை அண்ணா, வானம் என்கிறாள். பருவநிலையைத்தான் இவர்கள் ஜலபாயு என்பார்களாம்.

நான் திருத்திச் சொன்னதும் ஐயா, பெருங்காயமே மேல் என்றார். புரொபசர் விடவில்லை. நேற்றைய கிரகணத்தை நிமிஷம் தப்பாமல் சொன்னது எங்கள் கணக்கு, அதை நம்பித்தானே முழுகிவிட்டு வந்தீர்கள், இதை மட்டும் ஏன் நம்பக்கூடாது என்று கேட்டார்.

"கிரகணம் பஞ்சாங்கத்துல இருக்கு," என்றார் ஐயா. "கடல் ஏறும்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?"

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அமாவாசை ஓதம் பெரிதாய்த்தான் வரும், ஆனால் இந்தக் கரையைத் தாண்டி ஒருநாளும் வந்ததில்லை என்றாள் தீவுக்காரி. ஐயாவின் செருப்பு இரண்டும் மிதந்து போயின. அவர் காலைத் தூக்கி மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். ஐயா, தண்ணி ஏறுது என்றேன்.

"ஏறல. நாற்காலி பதியுது."

குரலில் ஒரு நடுக்கமில்லை. நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் லாஞ்சுக்கு நடந்தோம். பல்லக்கில் போகிறவர் மாதிரி வந்தார். கடலைப் பார்த்துப் பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடலே பயந்துவிடும்படி பேசியவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். தீவுக்காரி லாஞ்சுப் பலகையைப் பிடித்துக்கொண்டு, நிலம் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னாள். தண்ணீர் இறங்கிவிடும் என்று சொல் என்றார். சொன்னேன். அவள் பலகையை விட்டுவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போனாள்.

நிலம் கொடுக்கவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை. ஐயாவுக்கு அதைவிடப் பெரிய பதவி கிடைத்தது. உன் கடிதத்தைக் கேட்டதும் அதே குரல் கேட்டது. நீயும் மேலே வருவாய். கைநாட்டு கீழே இருக்கிறது, தாராளமாய்க் காட்டு. சங்கவியை நான் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீச்சல் கற்றுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு, உன் ஆசை மாமன், வேதாச்சலம்.

பின்குறிப்பு: கீழே கைநாட்டு இல்லை, தேடாதே. மைப் பெட்டியைக் கமலம் மடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள். நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. உன் கூட்டத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் ஆளாகவே அனுப்புகிறோம், கமலம் மெயில் ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறாள். குப்பத்து ஜனங்களுக்குப் பக்கத்தில் ஒரு இடம் போட்டு வை. நம் கடையில் மாவாட்டுகிறவள்தான், இத்தனை வருஷத்தில் தமிழ் உன்னைவிட நன்றாகப் பேசுவாள். மாணிக்கம் ஐயா போய்விட்டார், புரொபசர் போய்விட்டார், லாஞ்சுக்காரர் இந்த வைகாசியில் ஐலாப் புயலோடு போனார். நான் உன் மாமன், என்னைச் சேர்க்காதே. அன்றைக்கு அந்த லாஞ்சில் போனவர்களில் இன்னும் உயிரோடிருப்பவள் அவள் ஒருத்திதான். பேர் தாரா.