ஒன்பது பவுண்டு மீனும் உன் அக்காவும்

கன்டர்ஸ்வில், அலபாமா
ஏப்ரல் 22, புதன்கிழமை

என் அருமை மைத்துனன் ராய்ஸுக்கு,

உன் அத்தான் ஓடெல் பிரிக்கெட் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா நெல்டாவும் படகும் சௌக்கியம். அங்கே உன் சிறுநீரகக் கல் நல்லபடியாக இறங்கியதா? இறங்காவிட்டால் நிறையத் தண்ணீர் குடி. உன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனாலும் வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்க, நம் பாஸ் மீன் சங்கத்தின் வசந்தகாலப் போட்டிக்கு முதல் நாள் பார்த்துத்தானா அந்தக் கல் நகர வேண்டும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

படகுக்கு இரண்டு பேர் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஊரில் தூண்டில் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். நான் சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நாற்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூடப் படகில் கால் வைக்காத உன் அக்கா, "அதுக்கென்ன, நான் வர்றேன். சும்மா உக்காந்திருக்கத்தானே?" என்றாள். சனிக்கிழமை விடியற்காலையில் துறைக்குப் போய்ப் படகை இறக்கும்போது பார்க்கிறேன், மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம்! படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் வாயைத் திறக்காது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியுமே. "தூக்கிப் போடு" என்றேன். "காசு குடுத்து வாங்கினதைத் தூக்கிப் போடுவாங்களா?" என்று சொல்லி, துறையிலேயே நின்று ஐந்து பழத்தையும் நிதானமாக உரித்துத் தின்றுவிட்டுத்தான் ஏறினாள். அதற்குள் மற்ற நாற்பது படகும் கிளம்பிப் போய்விட்டன. நல்ல இடமெல்லாம் போயிற்று.

கரையெல்லாம் டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அது பூத்தால் பாஸ் முட்டையிட ஆழமில்லாத தண்ணீருக்கு வந்துவிடும் என்ற கணக்கு எனக்கும் தெரியும், ஆனால் எனக்குத் தெரியும் என்பது மீனுக்குத் தெரிய வேண்டாமா? ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை வீசினேன், வீசினேன், வீசிக்கொண்டே இருந்தேன். தொப்பி காற்றில் போயிற்று, அதைத் துரத்தப் போய் மோட்டாரில் பாசி சுற்றிக்கொண்டது, பாசியை எடுக்கக் குனிந்தபோது கண்ணாடி தண்ணீருக்குள் போயிற்று. சும்மா இருக்கிறாளே என்று உன் அக்கா கையில் என் பழைய தூண்டிலைக் கொடுத்து, ரப்பர் புழுவையும் மாட்டி நானே நாணல் ஓரத்தில் போட்டுக்கொடுத்தேன். அவள் அதைத் தொடையிடுக்கில் செருகிவிட்டுக் குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டாள்.

"புழுவைக் கொஞ்சம் ஆட்டணும் நெல்டா. சும்மா கெடந்தா எந்த மீனு வரும்?"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும்ங்க. நீங்க ஆட்டற ஆட்டத்தைப் பாத்தா எனக்கே ஓடிரலாம்போல இருக்கு."

கால் மணி நேரம் கழித்து, "ஏங்க, இது என்னமோ இழுக்குது. வேர்ல மாட்டிக்கிச்சோ?" என்றாள். வேரில்லை, ராய்ஸ். நான் அப்போது தூண்டில் நூல் சிக்கலில் இரண்டு கையையும் விட்டுவிட்டுத் திணறிக்கொண்டிருந்தேன். நான் விடுபடுவதற்குள் அவள் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி அந்த ராட்சசியைப் படகோரம் கொண்டுவந்துவிட்டாள். வலையில் அள்ளியது நான்தான். படகு என்னுடையது, தூண்டில் என்னுடையது, புழு என்னுடையது. இதை ஒரு பேச்சுக்குச் சொல்லிவைக்கிறேன்.

எடை போடும் மேடையில் நம் சங்கத் தலைவர் பியூஃபோர்ட் டிட்மோர் ஒலிபெருக்கியில் அலறினார்: "ஒம்போது பவுண்டு நாலு அவுன்ஸ்! அடேயப்பா! இந்த வருசத்துப் பெரிய மீனு இதுதான்! ஓடெல் அண்ணே, யாரு புடிச்சது?" தூண்டில் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பலகை என் கண்முன் வந்தது. பெரிய மீன் பிடித்தவர் என்று வருஷத்துக்கு ஒரு பெயர். முப்பத்தெட்டு வருஷமாக அதன்கீழ் நின்று காபி குடிக்கிறேன். வாய் தானாகவே, "நான்தான்" என்றது. உன் அக்கா பக்கத்தில்தான் நின்றாள். சங்க வழக்கப்படி மீனை மறுபடி ஏரியில் விட்டபோது அதற்கு டாட்டா காட்டினாள்.

அன்றிலிருந்து பதினொரு நாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். தினமும் சுடச்சுட மக்காச்சோள ரொட்டி, ஞாயிறு பீச் பழம் வைத்துச் சுட்ட பை. "இன்னொரு துண்டு வைக்கட்டுமா? மீனு புடிச்சவருக்குப் பசிக்குமே" என்கிறாள். இது போதாதென்று, எங்கோ ஒருவன் எடை கூட்ட மீன் வயிற்றில் ஈயக்குண்டு திணித்து மாட்டிக்கொண்டதிலிருந்து பெரிய மீன் பிடித்த படகில் இருந்த இரண்டு பேருக்கும் பொய் கண்டுபிடிக்கும் கருவி வைக்கிறார்கள் அல்லவா? வெள்ளிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் கையில் பட்டை கட்டிக் கேள்வி கேட்பாராம். எனக்கு இப்போதே வியர்க்கிறது.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். கருவிக்குப் பயந்து அல்ல. எனக்கே வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை பட்டை கட்டுவதற்கு முன்பே எழுந்து நின்று, "புடிச்சது என் பொண்டாட்டி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன். பலகையில் நெல்டா பிரிக்கெட் என்று எழுதட்டும். நானே ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். உன் அத்தான் கோழை, ஆனால் கெட்டவன் இல்லை என்று நீயாவது நினைத்துக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் நாய்க்கு முதுகில் ஒரு தட்டு. கர்த்தர் உனக்குக் கல்லில்லாத வாழ்வைத் தரட்டும்.

இப்படிக்கு,
மனம் லேசான
ஓடெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வந்தாள். வெள்ளிக்கிழமை பாடகர் குழு ஒத்திகை இருக்கிறதென்று அவள் சோதனையை இன்றைக்கே மாற்றி வாங்கிப் போய்விட்டு வந்திருக்கிறாள். "மீனைப் புடிச்சது எம் புருசன்னு சொன்னேன். முப்பத்தெட்டு வருசமா நீங்க அந்தப் பலகையை அண்ணாந்து பாக்கறதை நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி நான் உண்மையைச் சொன்னால், ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லித்தருபவள் ஊர் முன்னால் பொய்க்காரி. பொய்யைச் சொன்னால் கருவி என்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ராய்ஸ், அதுகூட எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவள் அந்தப் பொய்யைச் சொன்னபோது கருவியின் ஊசி ஒரு நூல்கூட அசையவில்லையாம். இத்தனை சுத்தமான ஆளைத் தன் உத்தியோகத்திலேயே பார்த்ததில்லை என்று அந்தப் போலீஸ்காரர் கைகுலுக்கி அனுப்பினாராம். போன கிறிஸ்துமஸுக்கு, என்னைக் கட்டிக்கொண்டதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னாள். அதை நான் இனி எந்தக் கருவியில் போட்டுப் பார்ப்பது?