கலோஜெரோவின் திங்கட்கிழமை மீன்

"திங்கட்கிழமையா? நாளைக்கா வர்றாங்க?" என்று கலோஜெரோ இரண்டு முறை கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டால் கிழமை மாறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"இன்னைக்கு அவங்க ஊர்ல திருவிழாவாம். சம்பந்திதான் புனிதர் சொரூபத்தைத் தூக்கணுமாம். நாளைக்கு உங்களுக்கும் கடை லீவுதானே?" என்றாள் மனைவி என்சா.

லீவுதான். சிசிலியில் முடிதிருத்துகிறவர்களுக்குத் திங்கட்கிழமை ஓய்வு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்தப் படகும் கடலுக்குப் போகாது. அதனால் திங்களன்று துறைமுகத்துப் பூனைக்குக்கூட மீன் கிடைக்காது.

இந்தக் கடற்கரையில் எங்கே போனால் நல்ல மீன் சாப்பிடலாம் என்று கேட்டால், எல்லோரும் கலோஜெரோவின் கடையைத்தான் காட்டுவார்கள். அவரும் சவரம் செய்துகொண்டே தீர்ப்பு வழங்குவார். "அங்கயா? அது ஐஸ் மீன். எதிர்த்த கடையா? அது மீனே இல்ல. சாரோ ஹோட்டலுக்குப் போ. ஐஸ் மீனை வாயில வெச்சா என் நாக்கே துப்பிடும்." கழுத்தில் கத்தி இருக்கும்போது மறுத்துப் பேச யாருக்கு மனம் வரும்? ஆகவே அவருடைய நாக்கின் புகழ் நாளொரு மேனியாக வளர்ந்தது.

மகள் கார்மேலாவின் நிச்சயதார்த்தத்திலும் அந்த நாக்கு சும்மா இருக்கவில்லை. மலைமேல் ஆடு வளர்க்கும் சம்பந்தி லிபோரியோவைப் பார்த்து, "நீங்க டப்பா மீனைத் தவிர வேற என்னத்தைக் கண்டீங்க? எங்க ஊருக்கு வாங்க, மீன்னா என்னன்னு காட்டுறேன்" என்றது.

லிபோரியோ கோபித்துக்கொள்ளவில்லை. "காட்டுங்க. பிடிச்சிருந்தா கல்யாண விருந்து உங்க ஊர்ல, மீனு. பிடிக்கலேன்னா எங்க ஊர்ல, ஆட்டுக்கறி."

கலோஜெரோ மகளின் கல்யாணத்தில் ஆட்டுக்கறி! அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊரார் முகத்தைத் தொட்டுச் சவரம் செய்வது?

"நான் கத்திரிக்காய் போட்டு பாஸ்தா பண்ணிடுறேனே" என்றாள் என்சா.

"நீ வாயை மூடு" என்று சொல்லிவிட்டு சாரோவிடம் ஓடினார்.

ஹோட்டல்காரன் சாரோ கையை விரித்தான். "மீனுக்கு எங்கண்ணே போவேன்? ஃப்ரீசர்ல ஒரே ஒரு பெட்டி கெடக்கு. யாரோ குடுத்துட்டுப் போனது. அதையெல்லாம் நான் தொடுறதில்ல."

"நாளைக்கு ஒருநாள் தொடுடா. எனக்காக."

சாரோ நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். "உங்களுக்காக இந்தப் பாவத்தையும் பண்றேன். ஆனா மேசைக்குக் காட்ட முழு மீன் வேணுமே? பெட்டியில இருக்கிறது தலையில்லாத துண்டு."

அது நியாயமான கவலை. மீனை முழுசாகத் தட்டில் வைத்து விருந்தாளிக்குக் காட்டிய பிறகுதான் அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். பெண் பார்க்காமல் தாலி கட்டினாலும் கட்டலாம், மீன் பார்க்காமல் இந்த ஊரில் யாரும் முள்கரண்டியை எடுக்கமாட்டார்கள்.

பல் டாக்டர் ஃபெர்லிட்டோ ஞாயிறுதோறும் ஈட்டியோடு கடலில் முங்குகிறவர். அன்று அவருக்குப் பெரிய சங்கரா மீன் ஒன்று மாட்டியிருந்தது. கலோஜெரோ காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"தர்றேன். ஆனா கத்தி படக்கூடாது. நாளைக்கு ராத்திரி என் மச்சான் சாப்பிட வர்றான்" என்றார் டாக்டர்.

திங்கள் மதியம் சாரோ ஹோட்டலில் தட்டில் சங்கரா வந்தது. சம்பந்தியம்மாள் கன்னத்தில் கைவைத்தாள். "ஐயோ, உசுரோட பாக்குற மாதிரியே இருக்கு!"

"அப்படியே முழுசாச் சுடுங்க. தலை எனக்கு. ஆட்டுலயும் எனக்குத் தலைதான்" என்றார் லிபோரியோ.

கலோஜெரோ தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தலை... தலையை இங்க விருந்தாளிக்குப் போடுறதில்ல. அது மீனைப் பிடிச்சவருக்குப் போகணும். எங்க வழக்கம்."

"நல்ல வழக்கம்தான். அப்ப அந்த மீனவரைக் கூப்பிடுங்க, நானே என் கையால குடுக்குறேன்."

வழக்கத்தை உண்டாக்கியவருக்கு அதை வாபஸ் வாங்கத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, மீன் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் உள்ளே நுழைந்தார். வெள்ளைக் கோட்டு சூட்டு, தங்கக் கடிகாரம்.

"என் மீன் எங்கய்யா?"

"இவர்தான் சம்பந்தி, மீன் பிடிச்சவர்!" என்று கலோஜெரோ அலறினார்.

லிபோரியோ எழுந்து நின்று கைகொடுத்தார். "மீன் பிடிச்சா இவ்வளவு வருமானமா? நான் ஆட்டைக் கட்டிக்கிட்டு அழறேன்."

டாக்டரின் பார்வை சிரித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாளின் வாய்க்குள் போயிருந்தது. "கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் புடுங்கிடணும்மா."

"மீனவருக்குப் பல்லைப் பத்தி என்ன தெரியும்?" என்று லிபோரியோ கேட்டார்.

"கடல்ல போறவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லி, டாக்டரையும் தட்டையும் சேர்த்தே சமையற்கட்டு வழியாகப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார் கலோஜெரோ. தலையை அவர் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார் என்று திரும்பி வந்து சொன்னார். அது பொய்யில்லை. தலையோடு உடம்பும் போயிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு தக்காளியும் ஆலிவும் மிதக்கத் துண்டுகள் வந்தன. கலோஜெரோ ஒரு வாய் வைத்தார். ஈரத் துணியை மெல்வது போலிருந்தது. நாக்கு துப்பச் சொன்னது. மகளை நினைத்து விழுங்கினார். ஒவ்வொரு கவளமும் ஒரு தியாகம். இதைத் தின்னக் கொடுத்து ஒரு மனிதரை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

லிபோரியோ தட்டைத் துடைத்த ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "தோத்துட்டேன் சம்பந்தி. நாங்க இத்தனை நாள் சாப்பிட்டது மீனே இல்ல. கல்யாண விருந்து இங்கதான்."

கார்மேலா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். கலோஜெரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனார். சமையல்கார அசுந்தா சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. இத்தனை வருஷமா சுத்தமா சமைச்ச கை. இன்னைக்கு என்னால ஐஸ் மீனைத் தொட வேண்டியதாப் போச்சு."

அசுந்தா தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஆலிவ் மட்டும்தான் ஒரு கை கூடப் போட்டேன். மத்தபடி வாராவாரம் நீங்க சப்புக்கொட்டிச் சாப்பிடுற அதே பெட்டி மீன்தானே தம்பி?"