மூன்று மணிப் பேருந்தில் நிழற்பக்க இருக்கை வென்ற படலம்

குலசேகரன்பட்டினத்துக் கருப்பட்டி மண்டியின் காவலனே, தராசுமுள்ளைப் புருவ நெரிப்பால் அடக்குபவனே, கறுப்புக் கண்ணாடி தரித்த கதிரவன் பகைவனே, செல்வதுரைப் பெருந்தகையே, வாழி! உன் முழுக்கைச் சட்டை வாழி! தலையையும் கழுத்தையும் மூடிய உன் வெண்துண்டு வாழி! தூத்துக்குடிப் பேருந்து நிலையத்தில் நீ ஆற்றிய அருஞ்சமரை உரைக்கப் புகுந்தோம். கேட்போர் கொட்டாவியை அடக்கிக்கொள்ளக் கடவர்.

ஆறாண்டுகளாய் அவன் முதுகிலும் முழங்கையிலும் சோரியாசிஸ் என்னும் செதிற்படை பாளையமிறங்கியிருந்தது. ஆடவர் சட்டையைக் கழற்றியே சந்நிதி புகவேண்டிய செந்தூர்ப் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை. வரும் ஆவணியிலோ தங்கை முத்துச்செல்வியின் மகனுக்கு அங்கே காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்காரவேண்டும். வேறு மடி செல்லாது. ஆதலின் வாரமிருமுறை தூத்துக்குடி போந்து, உண்டபின் மாத்திரை விழுங்கி, ஐந்து நாழிகை காத்திருந்து, புறஊதாக்கதிர்ப் பெட்டிக்குள் நின்றுவந்தான். செதிற்படையும் பின்வாங்கத் தொடங்கிற்று. அவனுக்குச் சொல்லி மாளாத சந்தோஷம்.

அன்றும் பெட்டியினின்று வெளிப்பட்டவனுக்குச் செவிலி ஜெபசெல்வி ஆணை பிறப்பித்தாள்:

“அண்ணாச்சி, மாத்திரை ஒடம்புல கெடக்கு. நாளைக்கு இந்நேரம் வரைக்கும் வெயில் மேல படப்பிடாது. ஜன்னல் வழியா வாரதும் வெயில்தான். கூலிங் கிளாஸைக் கழட்டிராதீய, கண்ணு கெட்டுரும். தோலு பொசுங்கிச்சுன்னா ட்ரீட்மென்ட்டை நிப்பாட்டிருவாங்க, பாத்துக்கிடுங்க.”

நிப்பாட்டினால் ஆவணி போயிற்று. மடி போயிற்று.

மேற்றிசையில் வெய்யோன் ஆயிரங் கதிர்வேல்களையும் தீட்டி நிற்க, மூன்று மணிப் பேருந்து புழுதி கிளப்பி வந்து நின்றது. மாற்றார் படையெனப் பயணியர் படிக்கட்டை முற்றுகையிட, நம் வீரன் கண்ணாடிக்குள்ளிருந்தே களத்தை அளந்தான். இடப்பக்கம் முழுதும் வெயில். ஆங்கே இடமோ ஏராளம். வலப்பக்கம் நிழல், ஆங்கே எஞ்சியதோ ஒரேயொரு சன்னலோர இருக்கை. அதே இருக்கையை ஆறுமுகனேரிச் சண்முகத்தாய் என்பாளும் நோக்கினாள். அவள் கையில் கட்டைப்பை. இவன் கையிலோ ஏதுமில்லை. சிந்திக்க நேரமின்றித் தலையையும் கழுத்தையும் காத்த துண்டை உருவி, கவசத்தையே கணையாக்கிச் சன்னலுக்குள் எய்தான் செல்வதுரை! அக்கணமே கட்டைப்பையும் பறந்தது. படிக்கட்டுப் பக்கம் சுற்றி ஓடிவரப் பின்கழுத்தில் வெயில் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, இரு முழங்கைகளாலும் வழி சமைத்து, இறங்குவோர் சாபத்தையும் ஏறுவோர் வசையையும் ஒருங்கே ஏற்று உள்ளே பாய்ந்தான்.

“ஏ அண்ணாச்சி, எம் பைதான் மொதல்ல விழுந்துச்சு!” என்று முழங்கினாள் சண்முகத்தாய்.

“விழுந்தது காலு வைக்கிற எடத்துல தாயி. சீட்டுல கெடக்கது எந் துண்டு!”

இருதரப்பு வழக்கையும் செவிமடுத்த நடத்துநர், விசிலை வாயினின்று எடுத்துத் தீர்ப்பளித்தார்:

“சீட்டுல துண்டுதான கெடக்கு? அண்ணாச்சி உக்காரட்டும். நீங்க அங்கன வெயில் பக்கம் போங்கம்மா.”

பையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி எதிர்ப்புறம் சென்றாள் அவள். வென்றான் செல்வதுரை! கொற்கைத் துறையில் முத்தெடுத்து மீண்டவனைப்போல் துண்டை எடுத்துச் சூடி, நிழலரியணையில் அமர்ந்தான். மடியைத் தட்டிப் பார்த்தான். காதுகுத்தே முடிந்ததுபோல் புன்னகைத்தான்.

வடக்கு முகமாய் நின்றிருந்த பேருந்து, நிலையத்தைவிட்டு வெளிவந்து, செந்தூர்ச் சாலையில் தெற்கு முகமாய்த் திரும்பியது.

திரும்பவே, இடவலம் மாறி வலப்பக்கச் சன்னல்கள் அனைத்தினூடும் மாலைவெயில் மடமடவென உட்புகுந்து வெற்றிவீரன் மடியில் குந்திற்று. சன்னலில் இழுத்துவிடத் திரை கிடையாது. இடப்பக்கத்திலோ குளுகுளு நிழல், ஆனால் அதற்குள் ஆள் நிரம்பி ஓரிருக்கையும் காலியில்லை. வாரிச் சுருட்டி எழுந்து, இடப்பக்க நிழலோரம் ஒண்டி, கம்பியைப் பற்றினான்.

சண்முகத்தாய் காற்று வாங்கியபடி அண்ணாந்து பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, அவ்வளவு சண்டை போட்டுப் புடிச்ச சீட்டு சும்மா கெடக்கு?”

“கெடக்கட்டும் தாயி” என்றார் செல்வதுரை.

குலசேகரன்பட்டினம் வரை நின்றுகொண்டே போனார்.