அரிசி டப்பாவில் ஒரு நோட்டு

அடுத்த மாதத்திலிருந்து தொக்சுதான் மேஸ்திரி என்று முக்ஹோ துறைமுகத்து ஐஸ் ஆலையில் சொன்னார்கள். மனைவி யொன்ஜா சந்தோஷத்தில் மாட்டிறைச்சி வறுத்தாள். தொக்சு இரண்டு துண்டோடு தட்டைத் தள்ளி வைத்தார். மேஸ்திரி என்றால் தினமும் பதிவேடு எழுத வேண்டும். அவருக்குப் படிக்க வரும். எழுதப் போனால் பத்துச் சொல்லில் எட்டு நொண்டும்.

இது யொன்ஜாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. கல்யாணத்துக்கு முன் அவர் அனுப்பிய ஏழு கடிதங்களில் மயங்கித்தான் அவள் சம்மதித்தாள். ஏழும் ஒரு கூட்டாளி எழுதிக் கொடுத்தவை. இருபத்திரண்டு வருஷமாக, எழுத நேர்ந்தபோதெல்லாம் "கண்ணாடியைக் காணோம்" என்று சொல்லியே அவர் குடும்பம் நடத்தி வந்தார்.

யொன்ஜாவுக்கோ பிழைப்பே பிழை திருத்துவதுதான். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் முதல் வகுப்பு எழுத்தைத் தாண்டாத ஆறு பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்கு வருவார்கள். அவள் வாக்கியம் சொல்வாள், அவர்கள் எழுதுவார்கள். மதிப்பெண் போட்ட நோட்டில் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

தொக்சு பூண்டு உரிக்கும் சாக்கில் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். தட்டுக்கு அடியில், தானும் எழுதிப் பழக ஒரு நோட்டு.

"என்னங்க, அதிசயமா பூண்டு உரிக்கிறீங்க?"

"உனக்குக் கை வலிக்குமேன்னு."

"இருபத்திரண்டு வருஷமா வலிக்காத கையா?"

பாடம் முடிந்ததும் நோட்டை அரிசி டப்பாவுக்குள் புதைப்பார். வீட்டிலேயே பத்திரமான இடம் அது. இதற்கு முன் அவர் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை.

இரண்டாம் வாரம் வாக்கியங்கள் மாறின.

"மூன்றாம் அறையில் பனிக்கட்டி உருகியது," என்றாள் யொன்ஜா.

சொதாம் என்ற சிறுமி பென்சிலைக் கீழே வைத்தாள். "டீச்சர், முன்னெல்லாம் முயல் வரும், நிலா வரும். இப்ப ஏன் எப்பப் பாத்தாலும் ஐஸும் மீனும்?"

"துறைமுகத்துப் பிள்ளைங்கதானே நீங்க. எழுது. 'கானாங்கெளுத்தி நாற்பது பெட்டி ஏற்றப்பட்டது.'"

"மாமா என் நோட்டை எட்டிப் பாக்குறாரு டீச்சர்."

"அவரு பூண்டு உரிக்கிறாரு. நீ எழுது."

எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டியவை, விதி முதல் தடவையாகத் தன் பக்கம் சாய்கிறது என்று தொக்சு நினைத்துக்கொண்டார். ஆனாலும் இவளை இன்னும் ஏமாற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்.

மேஸ்திரியாகப் போகும் நாளன்று காலை, கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ள அரிசிக்குள் கையை விட்டார். நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் சிவப்பு மை. பத்துக்கு ஏழு. அடியில் யொன்ஜாவின் கையெழுத்தில் குறிப்பு: "ஏழு கடிதம் எழுதித் தந்த கூட்டாளியை விட மோசமில்லை. உரிக்க வேண்டிய பூண்டு இன்னும் இருக்கிறது."

பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்திலும் அவளே போட்டிருந்தாள்.